இங்கே திறக்கிறது, அங்கே திறக்கவில்லை: மெமோ வராத செக்கின் கதை

ஒரே வலைத்தளம்தான். புனேயில் மகன் வீட்டில் பளிச்சென்று திறக்கிறது. திருநெல்வேலியில் அப்பா வீட்டில் பாதி வந்து, சுற்றிக்கொண்டே நிற்கிறது. அதே அப்பா பக்கத்து வீட்டுப் பையனின் செல்போன் இணைப்பில் பார்த்தால் திறந்துவிடுகிறது! ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் பென்ஷன், ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், வீட்டுவரி என்று எல்லாமே இப்போது இந்தக் கம்பியில்தான் ஓடுகிறது. அது பாதியில் நின்றால் மூன்று பதில்கள் கிடைக்கும். தளம் நடத்துபவர் "எங்கள் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது" என்பார். இணைப்பு கொடுத்தவர் "எங்கள் லைன் நன்றாகத்தான் இருக்கிறது" என்பார். வெளியூரில் இருக்கும் பிள்ளை "நீங்க எதையோ தப்பா அமுக்கிட்டீங்கப்பா" என்பான்.

முதல் இரண்டு பதில்களும் உண்மையாக இருக்கலாம். மூன்றாவது பதில் பெரும்பாலும் பொய். எழுபது வயதில் ஓ.டி.பி., பாஸ்வேர்டு எல்லாம் கற்றுக்கொண்டு நடத்துகிற மனிதருக்கு அது அநியாயமும் கூட. கோளாறு இரண்டு முனைகளிலும் இல்லாமல் நடுவழியில் இருக்க முடியும். இதற்குச் சுமார் நாற்பது வருடச் சரித்திரம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் சொல்லலாம் என்றுதான் இந்தப் பதிவு. நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, பி.காம். ஆனால் விஷயத்தின் அடிப்படை வங்கிக்காரனுக்கு நன்றாகவே புரியக்கூடியது.

ரிட்டர்ன் மெமோ

நீங்கள் ஒரு செக்கை வங்கியில் போடுகிறீர்கள். அது கிளியரிங்குக்குப் போகிறது. அந்தக் கணக்கில் பணம் இல்லை. என்ன நடக்கும்? செக் திரும்பி வரும், கூடவே ஒரு ரிட்டர்ன் மெமோ வரும். பணம் போதவில்லை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை, தேதி காலாவதி - இப்படி ஒரு காரணம் அதில் இருக்கும். வாடிக்கையாளருக்கு வருத்தம்தான். ஆனால் அந்த மெமோதான் அடுத்து என்ன செய்வது என்று அவருக்குச் சொல்கிறது. செக் மோசடிக்கான 138-வது பிரிவில் நோட்டீஸ் அனுப்ப 30 நாள் கணக்குத் தொடங்குவதே, செக் திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கைக்கு வந்த நாளிலிருந்துதான்.

இப்போது வேறு மாதிரி யோசியுங்கள். செக்கும் வரவில்லை, பணமும் வரவில்லை, மெமோவும் வரவில்லை. நடுவில் யாரோ அதைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். வாடிக்கையாளர் என்ன செய்வார்? காத்திருப்பார். அப்புறம் இன்னொரு செக் வாங்கிப் போடுவார். அதுவும் அதே குப்பைக்கூடைக்குப் போகும்.

இணையத்தில் 'சுற்றிக்கொண்டே நிற்பது' என்கிறோமே, அதில் பெரும்பகுதி இதுதான். மறுப்பு வந்தால் சமாளிக்கலாம், மௌனம் வந்தால் சமாளிக்க முடியாது.

1981, 1983: கேள்வி கேட்க ஒரு வழி

இணையத்தில் எதுவும் முழுதாகப் போவதில்லை, பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்துத்தான் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு பாக்கெட்டும் ரூட்டர் ரூட்டராகத் தாண்டிப் போகும். வழியில் சிக்கல் என்றால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல 1981 செப்டம்பரிலேயே ஒரு விதி எழுதினார்கள். எழுதியவர் ஜான் போஸ்டல். அதன் பெயர் ஐ.சி.எம்.பி. நம் பாஷையில் இணையத்தின் ரிட்டர்ன் மெமோ. 'அந்த முகவரிக்கு வழி இல்லை', 'பாக்கெட் பெரிதாக இருக்கிறது, இந்த வழியில் போகாது' என்பது மாதிரியான காரணங்களை அது சொல்லும். 'இருக்கிறாயா?' என்று கேட்டு 'இருக்கிறேன்' என்று பதில் வாங்கவும் அதில் வசதி உண்டு.

அந்தக் கடைசி வசதியை வைத்து 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் ஒரு சின்ன நிரல் எழுதினார். அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தவர். அவருடைய நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு, எங்கே என்று தெரியவில்லை. நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறதே, அந்த மாதிரி ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார். அந்தச் சத்தத்தின் பெயரையே அதற்கு வைத்தார்: பிங். வேடிக்கை என்னவென்றால், அவர் முதல் பிங்கை அனுப்புவதற்குள் அந்தக் கோளாறு தானே சரியாகிவிட்டது! ஆனால் கருவி நிலைத்துவிட்டது. 2000 நவம்பரில் ஒரு கார் விபத்தில் மூஸ் இறந்துபோனார். அவர் செய்த பெரிய வேலைகளை விட, ஒரு ராத்திரியில் எழுதிய இதுதான் இன்றுவரை உலகமெங்கும் ஓடுகிறது.

1986: 400 கஜத்தில் ஒரு டிராபிக் ஜாம்

1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் ஒரு விபரீதம். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே தூரம் வெறும் 400 கஜம். நடந்தே போய்விடலாம். அந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. 800-ல் ஒரு பங்கு! கம்பி அறுபடவில்லை, மெஷின் எதுவும் நிற்கவில்லை.

ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சனும் பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் கரல்சும் உட்கார்ந்து காரணத்தைத் தேடினார்கள். வழியில் நெரிசல் வந்தால் ரூட்டர் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். பதில் வரவில்லையே என்று அனுப்பியவர் அதையே திரும்ப அனுப்புவார். எல்லோரும் அப்படியே அனுப்ப, நெரிசல் இன்னும் கூடும். ரோடு நிறைய ஒரே பாக்கெட்டின் நகல்கள், போய்ச் சேருவது ஒன்றுமில்லை. இப்படி ஒன்று நடக்கலாம் என்று ஜான் நேகிள் 1984-லேயே எழுதி வைத்திருந்தார்.

ஜேக்கப்சன் சொன்ன தீர்வு 1988-ல் கட்டுரையாக வந்தது. பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் செய்தியாக எடுத்துக்கொள், வேகத்தைக் குறை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. தொலைந்த பாக்கெட்டையே ஒரு மெமோவாகப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார் மனிதர். இணையம் இன்று நிற்காமல் ஓடுவதற்கு அந்தப் பாடம் ஒரு பெரிய காரணம்.

வழியைப் பார்க்க இன்னொரு கருவியும் அதே காலத்தில் அவர் எழுதியதுதான். டிரேஸ்ரூட் என்று பெயர். யோசனை ஸ்டீவ் டீரிங் கொடுத்தது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் 'இத்தனை ரூட்டர் தாண்டலாம்' என்று ஓர் எண் இருக்கும். 1 என்று போட்டு அனுப்பினால் முதல் ரூட்டரிலேயே அது செத்துப்போகும், அங்கிருந்து மெமோ வரும். 2 என்று போட்டால் இரண்டாவது ரூட்டரிலிருந்து வரும். மெமோக்களை வரிசைப்படுத்தினால் வழி முழுவதும் தெரிந்துவிடும்.

நம் நாட்டில் இதை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு காலத்தில் ஆச்சரியம் காத்திருந்தது. ஒரே ஊரில் இரண்டு கம்பெனிகளின் இணைப்புகள் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற பாக்கெட் கடல் தாண்டி வெளிநாடு போய்த் திரும்பி வரும். தெருவில் எதிர்வீட்டுக்குச் சிங்கப்பூர் வழியாகப் போன கதை. கம்பெனிகள் உள்நாட்டிலேயே கைமாற்றிக்கொள்ளட்டும் என்றுதான் 2003-ல் நிக்சி என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு உருவானது. நொய்டா, மும்பை, சென்னை, கொல்கத்தாவில் பரிமாற்ற நிலையங்கள் வந்தன. வழி தெரிந்ததால்தான் வழியைச் சுருக்க முடிந்தது.

1990: எவ்வளவு பெரிது என்றும் சொல்லு

இப்போது நம் அப்பா வீட்டுக் கோளாறுக்கு வருவோம். பாக்கெட்டுக்கு அளவு உண்டு. நாம் பயன்படுத்தும் ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1,500 பைட். ஆனால் நடுவில் எங்காவது குறுகலான பாலம் இருக்கலாம். பெரிய பாக்கெட் வந்தால் ரூட்டர் அதை வெட்டித் துண்டாக்கி அனுப்பும். ஒரு துண்டு தொலைந்தாலும் முழுப் பாக்கெட்டும் வீண். அந்தப் பயத்தில் தூரத்து ஊருக்கு அனுப்பும்போது 576 பைட் என்று சிறிதாகவே வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. பத்து ரூபாய் கட்டுகளாகவே பணம் அனுப்புவது மாதிரி, பத்திரம்தான், ஆனால் நேரம் பிடிக்கும்.

1990 நவம்பரில் ஜெப்ரி மோகலும் அதே ஸ்டீவ் டீரிங்கும் ஒரு வழி எழுதினார்கள். ஆர்.எப்.சி. 1191 என்பது அதன் எண். பெரிய பாக்கெட்டாகவே அனுப்பு, மேலே 'துண்டாக்காதே' என்று குறி போட்டுவிடு. குறுகலான பாலத்தில் ரூட்டர் அதைத் தடுத்து மெமோ அனுப்பும். உடனே அளவைக் குறைத்துக்கொள். பழைய மெமோவில் 'பெரிதாக இருக்கிறது' என்று மட்டும்தான் இருந்தது. புதிய ஏற்பாட்டில் 'என் பாலத்தில் இத்தனை பைட்தான் போகும்' என்று எண்ணையும் எழுதச் சொன்னார்கள். அழகான ஏற்பாடு. ஆனால் மெமோ கட்டாயம் வந்து சேரும் என்ற நம்பிக்கையின் மேல் மட்டுமே அது நின்றது.

1996-லிருந்து: மெமோவைக் கிழித்த காவலாளிகள்

அந்த நம்பிக்கை உடைந்தது இப்படி. 1996-97 வாக்கில் 'மரண பிங்' என்று ஒன்று கிளம்பியது. அனுமதித்த 65,535 பைட்டைத் தாண்டும்படி கோணல்மாணலாக ஒரு பிங் அனுப்பினால், அன்றைய பல கம்ப்யூட்டர்கள் அப்படியே நின்றுபோயின. அடுத்து, பொய் முகவரி போட்டு ஒரு கூட்டத்துக்கே பிங் அனுப்பி, எல்லாப் பதில்களையும் ஒருவர் தலையில் கொட்டும் தாக்குதல்களும் வந்தன.

சர்வர்களைக் காக்கும் அதிகாரிகள் பயந்தார்கள். பிங்கை மட்டும் தடுத்திருந்தால் போதும். பலர் ஐ.சி.எம்.பி. மொத்தத்தையும் ஃபயர்வாலில் தடுத்துவிட்டார்கள். பிச்சைக்காரர்கள் தொல்லை என்று தபால்காரரையும் சேர்த்து வாசலில் நிறுத்திய மாதிரி. காவல் கடுமையாக இருக்க வேண்டிய இடங்களில்தான் இப்படிப்பட்ட முடிவுகள் எளிதாக எடுக்கப்படும். எங்கள் தொழில் எந்த வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்ச காலம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஏனென்றால் பெரும்பாலான வழிகளில் 1,500 பைட் தாராளமாகப் போனது. மெமோ தேவைப்படவே இல்லை.

1999: காணாமல் போன 8 பைட்

அப்போது வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் வந்தது. டெலிபோன் கம்பியில் யார் உள்ளே வருகிறார் என்று பெயரும் பாஸ்வேர்டும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அதற்கு 1999 பிப்ரவரியில் பி.பி.பி.ஓ.ஈ. என்ற முறை எழுதப்பட்டது. அது ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் 8 பைட் உறை ஒன்றைப் போடுகிறது. 1,500-ல் 8 போனால் 1,492. வெறும் 8 பைட்!

இந்தியாவில் 2004-ல் பிராட்பேண்ட் கொள்கை வந்த பிறகு இந்த முறை நம் ஊர்களுக்கும் வந்தது. இன்றைக்கும் பல ஃபைபர் இணைப்புகளில் இருக்கிறது.

இப்போது கதையை ஒட்டிப் பாருங்கள். அப்பா பக்கத்தைத் திறக்கிறார். அவர் பக்கமிருந்து போகிற கோரிக்கை சின்னப் பாக்கெட், சிக்கலில்லாமல் போய்ச் சேர்கிறது. சர்வரும் தொடர்புக்குச் சம்மதம் என்று சின்னதாகப் பதில் அனுப்புகிறது, அதுவும் வந்துவிடுகிறது. அடுத்துப் பக்கத்தையோ பாதுகாப்புச் சான்றிதழையோ முழு 1,500 பைட் பாக்கெட்டுகளாக, 'துண்டாக்காதே' என்ற குறியோடு அனுப்புகிறது. இணைப்புக் கம்பெனியின் ரூட்டரில் 1,492 பைட் பாலம். போகாது. ரூட்டர் தன் கடமைப்படி மெமோ அனுப்புகிறது. சர்வர் வாசலில் இருக்கும் ஃபயர்வால் அதைக் கிழித்துப் போடுகிறது. சர்வருக்குத் தகவல் இல்லை, அதனால் அதே அளவில் திரும்ப அனுப்புகிறது. அதுவும் விழுகிறது. அப்பா வீட்டில் வட்டம் சுற்றுகிறது.

சர்வர் நன்றாக இருக்கிறது, லைனும் நன்றாக இருக்கிறது. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. பிங் போட்டாலும் பதில் வரலாம், ஏனென்றால் அது சின்னப் பாக்கெட். பெரியது மட்டும் சத்தமில்லாமல் மறைகிறது. இதற்கு அந்தத் துறையில் 'கருந்துளை' என்றே பெயர் வைத்தார்கள். 2000 செப்டம்பரில் கெவின் லேஹி இந்தக் கோளாறுகளை அதிகாரபூர்வமாக எழுதி வைத்தார், அது ஆர்.எப்.சி. 2923.

அந்தக் காலத்தில் இன்னொரு விசித்திரமும் உண்டு. கம்ப்யூட்டரை நேரே மோடத்தில் இணைத்து அதிலிருந்தே டயல் செய்தால் எல்லாத் தளமும் திறக்கும். நாலு பேர் பயன்படுத்தட்டும் என்று நடுவில் ரூட்டர் வைத்தால் சில தளங்கள் திறக்காது. நேரே இணைத்தபோது கம்ப்யூட்டருக்கே 1,492 என்று தெரியும், ஆரம்பத்திலேயே 'எனக்குச் சிறிதாக அனுப்பு' என்று சொல்லிவிடும். ரூட்டர் வந்ததும் அதற்கு நடுவழி தெரியாமல் போனது. புது ரூட்டரைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ!

வைத்தியம் இரண்டு வகையில் வந்தது. ஒன்று, வீட்டு ரூட்டரே நடுவில் புகுந்து 'பாக்கெட்டில் சரக்கு 1,452 பைட்டுக்கு மேல் வேண்டாம்' என்று இரண்டு பக்கமும் நம்ப வைப்பது. 1,492-ல் முகவரிக்கான 40 பைட் போக மிச்சம் அது. இரண்டு, 2007-ல் வந்த ஆர்.எப்.சி. 4821. மெமோவை நம்பாதே, நீயே வெவ்வேறு அளவில் அனுப்பிப் பார்த்து எது போகிறதோ அதை வைத்துக்கொள் என்றது அது.

ஆனாலும் கோளாறு சாகவில்லை. 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வி.பி.என். வழியாக வேலை பார்த்தோமே, அது பாக்கெட்டின் மேல் இன்னொரு உறை போடுகிறது. பாலம் இன்னும் குறுகும். லாகின் ஆகும், சின்ன மெனு வரும், பெரிய ஸ்டேட்மென்ட் கேட்டால் நிற்கும். 1999-ல் பார்த்த அதே நோய்தான்.

2010: மறுக்கத் தெரியாத வரிசை

இன்னொரு வகையும் உண்டு. திறக்கும், ஆனால் சாயங்காலம் ஆனால் ஆமை வேகம். அமெரிக்காவில் ஜிம் கெட்டிஸ் என்ற அனுபவசாலி 2010-ல் தன் வீட்டு இணைப்பிலேயே இதைப் பார்த்தார். பெரிய கோப்பு ஒன்றை அனுப்பும்போதெல்லாம், சின்னப் பாக்கெட் போய்வர ஒரு நொடிக்கு மேல் ஆனது. அளந்து பார்த்ததில் காரணம் தெரிந்தது. நினைவகம் மலிவாகிவிட்டது. பாக்கெட்டைத் தொலைப்பது கெட்ட பெயர் என்று மோடத்திலும் ரூட்டரிலும் பெரிய பெரிய காத்திருப்பு இடம் வைத்துவிட்டார்கள்.

ஒரு கேஷ் கவுன்டர், ஆனால் ஹாலில் 500 நாற்காலி. வருகிறவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுத்து உட்கார வைக்கிறோம், யாரையும் 'அப்புறம் வாருங்கள்' என்று சொல்வதில்லை. வெளியே இருப்பவருக்கு உள்ளே கூட்டம் என்றே தெரியாது, ஆட்களை அனுப்பிக்கொண்டே இருப்பார். ஜேக்கப்சனின் 1988 பாடம் நினைவிருக்கிறதா? பாக்கெட் தொலைந்தால்தான் அனுப்புபவர் வேகத்தைக் குறைப்பார். தொலையவே விடாவிட்டால்? 2012-ல் கேத்லீன் நிக்கோல்சுடன் சேர்ந்து அதே ஜேக்கப்சன் தீர்வும் எழுதினார். வரிசையில் காத்திருப்பு அளவுக்கு மீறினால் ஒன்றிரண்டு பாக்கெட்டைச் சீக்கிரமே கைவிட்டுவிடு. மரியாதையான, உடனடியான மறுப்பு.

இப்போது: ஒட்டி மூடிய உறை

2021-ல் குவிக் என்ற புதிய முறை ஆர்.எப்.சி. 9000 என்று வெளியானது. இன்று பெரிய தளங்கள் பலவற்றில் அதுதான் ஓடுகிறது. அது ஆரம்பத்தில் 1,200 பைட்தான் அனுப்புகிறது, பெரிது போகுமா என்று தானே சோதித்துப் பார்க்கிறது. போக்குவரத்துக் குறிப்புகளையும் ரகசிய எழுத்தில் மூடிவிடுகிறது. நடுவில் இருப்பவர்கள் படிக்கவும் முடியாது, கையை வைக்கவும் முடியாது. நாற்பது வருடம் நடுவழியை நம்பிப் பட்ட பாட்டின் விளைவு இது. சில அலுவலக நெட்வொர்க்குகள் இந்த உறையையும் தடுக்கின்றன. அங்கே பிரவுசர் பழைய வழிக்குத் திரும்பும். வீட்டில் சட்டென்று வருவது ஆபீசில் தயங்கித் தயங்கி வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, இதை வைத்து நாம் என்ன செய்வது? ஊரிலிருந்து போன் வந்தால் இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்.

1. வேறு இணைப்பில், அதாவது செல்போன் டேட்டாவில், அதே பக்கம் திறக்கிறதா? திறந்தால் தளத்தையும் அப்பாவையும் விட்டுவிடுங்கள். கோளாறு வழியில்.

2. எல்லாத் தளமும் சிரமமா, ஒன்றிரண்டு மட்டுமா? எல்லாம் என்றால் லைன் அல்லது ரூட்டர்.

3. லாகின் பக்கம் வந்து, அடுத்த பெரிய பக்கத்தில் நிற்கிறதா? ஸ்கேன் செய்ததை ஏற்றும்போது மட்டும் நிற்கிறதா? அப்படியென்றால் பாக்கெட் அளவைச் சந்தேகப்படலாம். 'துண்டாக்காதே' என்ற குறியோடு 1,472 பைட் பிங் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். உறை 28 சேர்ந்து 1,500 ஆகும். அது போகாமல் 1,464 போனால் பாலம் 1,492. ரூட்டர் அமைப்பில் எம்.டி.யூ. என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டால் பல சமயம் தீர்ந்துவிடும்.

4. குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் தாமதமா? யாராவது பெரிய கோப்பு ஏற்றும்போது மட்டுமா? அது வரிசைக் கோளாறு.

இந்த நாலுக்கும் பதிலைக் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள். "நெட் வேலை செய்யவில்லை" என்றால் பதிலுக்கு "ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்றுதான் வரும். "1,464 போகிறது, 1,472 போகவில்லை, செல்போன் டேட்டாவில் இந்தத் தளம் திறக்கிறது" என்று எழுதிக் கொடுத்தால், படிக்கிறவர் அதை மேலே அனுப்பியே ஆக வேண்டும். காரணம் எழுதிய காகிதத்துக்கு எங்கேயும் ஒரு மதிப்பு உண்டு.